ராத்திரி இரண்டரை மணி அலாரம்: அம்மாவுக்கு நிஜமாகவே சர்க்கரை இறங்குகிறதா?

கேள்வி – பல்லடம் பக்கம், மகன்

வணக்கமுங்க. அம்மாவுக்கு 63 வயது. சர்க்கரை வந்து 17 வருடம் ஆகிறது. காலையும் ராத்திரியும் இன்சுலின். போன வாரம் மேல்கையில் ஒட்டும் சென்சார் போட்டோம். 14 நாள் தாங்கும், என் போனில் அளவு காட்டும், 70-க்குக் கீழே போனால் அலாரம் அடிக்கும்.

முதல் நாலு நாள் இதைவிட நல்ல பொருள் கிடையாது என்றே நினைத்தேன். சந்தகை பிழிந்து தேங்காய்ப்பாலும் வெல்லமும் விட்டுச் சாப்பிட்ட அன்று 290 வரை ஏறியதை அம்மாவே பார்த்தார். அடுத்த நாள் கொள்ளுப்பருப்பும் கொஞ்சம் சோறும் சாப்பிட்டபோது 170-ஐத் தாண்டவில்லை. 17 வருடமாக நாங்கள் சொல்லியும் கேட்காததை ஒரு கோடு சொல்லிவிட்டது.

ஐந்தாம் நாளிலிருந்து ராத்திரிதான் பிரச்சினை. இரண்டு, இரண்டரைக்கு அலாரம். 58, 55 என்று காட்டுகிறது. எழுப்பி உட்கார வைத்து, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிறேன். கால் மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. ஆனால் விடிந்து பார்த்தால் 240, 260. அம்மாவுக்கு வியர்வையோ நடுக்கமோ இல்லை. "நான் நல்லாத்தான் தூங்கிட்டு இருந்தேன்" என்கிறார். ராத்திரி இன்சுலினை நானே நாலு யூனிட் குறைக்கலாமா? டாக்டரைப் பார்க்க இன்னும் ஆறு நாள் இருக்கிறது. பயமாக இருக்கிறதுங்க.

பதில் – கோபிச்செட்டிபாளையம், டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தையின் அப்பா

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். சென்சார் எந்தக் கையில்? அம்மா எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பார்?

என் மகளுக்கு ஆறு வயதிலிருந்து சென்சார் ஒட்டுகிறோம். ராத்திரி அலாரத்தில் பாதி எங்கள் வீட்டில் கை அமுங்கியதால் வந்ததுதான். அந்தக் கருவி ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கு அடியில் மயிரிழை மாதிரி ஒரு இழை இருக்கிறது, அது செல்களுக்கு நடுவே ஊறும் நீரில் உள்ள சர்க்கரையைத்தான் பார்க்கிறது. சென்சார் ஒட்டிய கை மேலேயே உடம்பு கிடந்தால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறையும். உடம்பு முழுக்க 130 இருந்தாலும் அந்த ஒரு இடத்தில் 55 காட்டும்.

கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். நிஜமாக இறங்கும்போது பெரும்பாலும் சரிவாக இறங்கும். அமுங்கினால் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி செங்குத்தாக விழும், புரண்டு படுத்ததும் அதே வேகத்தில் மேலே வரும். நீங்கள் சர்க்கரை கொடுத்ததால் ஏறியது என்று நினைக்கிறீர்கள். எழுப்பி உட்கார வைத்தீர்களே, கை விடுபட்டது அப்போதுதான். அதற்கு மேல் போன சர்க்கரைத் தண்ணீர் விடியும்போது 260-ஆக நிற்கலாம்.

இன்றைக்கு அலாரம் அடித்தால் விரலில் குத்திப் பாருங்கள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்த பிறகு. விரலில் வெல்லப்பிசுக்கு இருந்தால் மீட்டர் பொய் சொல்லும். இன்சுலின் அளவில் மட்டும் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். ஆறு நாள் காத்திருக்காமல் நாளைக்கே டாக்டருக்குப் போன் போடுங்கள்.

பதில் – சோமனூர், தறி ஓட்டுபவர்

அண்ணா சொன்னது சரிங்க. ஆனால் "அமுங்கியதுதான்" என்று பழகிவிடாதீர்கள். நான் பழகி மாட்டிக்கொண்டேன்.

எனக்கு மாத்திரைதான், கிளிமிபிரைடு. அதுவும் சர்க்கரையைக் கீழே தள்ளும். ராத்திரி இரண்டு மூன்று தரம் வெறும் அலாரம் அடித்ததும் எரிச்சலில் அதை அணைத்து வைத்தேன். தறி ஓடும்போது எப்படியும் காதில் விழாது என்று ஒரு சமாதானம் வேறு. ஒரு மத்தியானம் சாப்பிடாமல் இரண்டாவது ஷிப்டையும் சேர்த்து ஓட்டினேன். அறுந்த இழையை முடிச்சுப் போட வரவில்லை. 20 வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு போடும் முடிச்சு! சட்டை நனைந்துவிட்டது. போனில் 78, பக்கத்தில் கீழ்நோக்கி அம்பு. விரலில் 52.

வேகமாக இறங்கும்போது சென்சார் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். ஏறும்போதும் அப்படியே. அதனால் சர்க்கரை குடித்த ஐந்தாவது நிமிடம் எண் இன்னும் இறங்குவதைப் பார்த்து மறுபடி மறுபடி தின்னாதீர்கள். 15 நிமிடம் பொறுத்து விரலில் குத்திப் பாருங்கள், 70-க்குக் கீழேயே இருந்தால் மட்டும் இன்னொரு தரம். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். நடுக்கம், வியர்வை, பேச்சில் குழறல் இருந்தால் மீட்டரைத் தேடக்கூட வேண்டாம், உடனே சர்க்கரை. மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்கு அடியுங்கள்.

இப்போது போனை அதிர்வில் வைத்துச் சட்டைப்பையில் போட்டிருக்கிறேன். பக்கத்துத் தறிக்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கேட்டவர் – நாலு நாள் கழித்து

அண்ணா, சென்சார் இடது கையில். அம்மாவுக்கு வலது இடுப்பு வலி, அதனால் ராத்திரி முழுக்க இடது பக்கமாகவே படுக்கிறார். நீங்கள் கேட்கும் வரை இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை.

முதல் ராத்திரி 2.40-க்கு அலாரம், போனில் 56. கையைக் கழுவி விரலில் குத்தினேன். 131. என் கண்ணையே நம்பாமல் இன்னொரு விரலிலும் பார்த்தேன், 127. எதுவும் கொடுக்கவில்லை, மல்லாக்கப் படுக்க வைத்தேன். கால் மணியில் போனிலும் 120-க்கு வந்துவிட்டது. காலையில் 138. அடுத்த ராத்திரி முதுகுக்குப் பின்னால் பழைய சேலையைச் சுருட்டி வைத்துக் கொஞ்சம் மல்லாந்த மாதிரி படுக்க வைத்தேன், அலாரமே இல்லை.

மூன்றாம் ராத்திரிதான் சோமனூர்க்காரர் சொன்னது நடந்தது. அவிநாசியில் ஒரு சீர். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டார் என்று பொழுதோடு ஒரே ஒரு இட்லி, இன்சுலின் மட்டும் வழக்கம்போல முழுசாக. நாலு மணிக்கு 66. கோடு பதினோரு மணியிலிருந்தே சரிந்து வந்திருந்தது. விரலில் 63. நெற்றியும் ஈரம். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து 15 நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். 98 வந்தது.

இந்த இரண்டு கோட்டையும் போனிலேயே டாக்டரிடம் காட்டினேன். ராத்திரி அளவை அவரே பார்த்து மாற்றினார். எத்தனை யூனிட் என்று இங்கே எழுதவில்லை, அது எங்கள் அம்மாவுக்கு மட்டுமான கணக்கு. மத்தியானம் விருந்து என்பதற்காகப் பொழுதோடு சாப்பாட்டைக் குறைத்தால் முதலில் அவரைக் கேட்கச் சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை புது சென்சார் ஒட்டுகிறோம். வலது கையில்.