அமீரகத்தில் இருக்கும் தம்பியிடம் அம்மா வீடியோவில் பேச எந்த ஆப்?

அம்மா குலசேகரத்தில் தனியாக இருக்கிறார். கனடாவிலிருந்து தங்கை வாட்ஸ்அப்பில் தினமும் முகம் காட்டிவிடுவாள். சிக்கல் ஷார்ஜாவில் உள்ள தம்பிக்குத்தான். அமீரகத்தில் வாட்ஸ்அப் மெசேஜ், வாய்ஸ் நோட் போகும், அழைப்பு போகாது.

அங்கே அனுமதியுள்ள ஒரு ஆப்பை ஓணத்துக்கு அம்மா போனில் ஏற்றினோம். ஆண்ட்ராய்டு 10, 2 ஜிபி ரேம். வீடியோ தொடங்கியதும் படம் நின்றுவிடும், குரல் விட்டுவிட்டு வரும். அழித்து மறுபடி ஏற்றினோம், சிம் மாற்றினோம், வைஃபையிலும் அப்படியேதான். கூகுள் மீட்டில் தெளிவாகக் கேட்டது. ஆனால் லிங்க்கைத் தேடித் தட்டுவதற்குள் அம்மா திணறிப்போகிறார், பாவம். தடையைச் சுற்றிப் போகும் விபிஎன் மட்டும் சொல்லாதீர்கள். அங்கே சட்டச் சிக்கல், தம்பி வேலைக்கே ஆபத்து.

அமீரகத்தில் அனுமதியுள்ள, 2 ஜிபி போனிலும் ஓடும், மணி அடித்ததும் எடுத்தால் போதும் என்கிற ஆப் எது?