ஈஸ்ட் கோஸ்ட் சவுக்கை வெட்டச் சொல்வது என்ன நியாயம்?

பிடோக் நெய்தலன்:
நேற்று ‘தஞ்சைத் தமிழன்’ இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. தமிழகக் கரையின் மணல்மேடுகளைச் சவுக்கு கெடுத்துவிட்டதாம். ஆகவே சிங்கப்பூர்க் கரைகளை மீட்கவேண்டுமானால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் கோனித் தீவிலும் நிற்கும் சவுக்கு மரங்களை முதலில் வேரோடு அகற்றவேண்டுமாம். சோழமண்டலக் கரைக்குச் சவுக்கு வந்தேறி. 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகக் கொண்டுவந்து நட்டார்கள். மலாய்த் தீபகற்பத்தின் மணற்கரைகளிலோ அது யாரும் நடாமலே காலங்காலமாக வளர்ந்துவரும் மண்ணின் மரம். அங்கே செய்த குற்றத்துக்கு இங்கே தண்டனை கொடுக்கச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

தஞ்சைத் தமிழன்:
தம்பி, நான் நாகப்பட்டினக் கரையைக் கண்ணால் கண்டவன். 2004 சுனாமிக்குப் பிறகு அலைத்தடுப்பு என்று சொல்லிச் சவுக்கை வரிசைவரிசையாக நட்டார்கள். மேட்டை நிரவி நட்ட இடங்களில், மணலைப் பிடித்து வைத்திருந்த அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் நிழலிலும் சருகிலும் மாண்டுபோயின. பங்குனி ஆமை முட்டையிட வெறும் மணலைத் தேடி அலைகிறது. சவுக்குச் சருகு மெத்தையாகப் படிந்த இடத்தில் ஒரு புல் தலைகாட்டுமா? சருகு கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டா விழுகிறது? ஈஸ்ட் கோஸ்டிலும் அழுங்காமை கரையேறி முட்டையிடுகிறது என்பதை மறந்துவிட்டுப் பேசவேண்டாம்.

பிடோக் நெய்தலன்:
அழுங்காமையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஈஸ்ட் கோஸ்டில் குஞ்சுகளுக்கு முதல் எதிரி விளக்கு வெளிச்சம். பொரிந்து வெளியே வந்ததும் பிரகாசமான பக்கமே கடல் என்று நம்பி அவை சாலையை நோக்கி ஊர்ந்துவிடுகின்றன. அந்த வெளிச்சத்தைக் கொஞ்சமேனும் மறைத்து நிற்பவை நீங்கள் வெட்டச் சொல்லும் மரங்கள்தான். புளோரிடாவில் அனுமதியின்றிச் சவுக்கை நடவோ விற்கவோ தடை இருப்பது எனக்கும் தெரியும். அங்கே அது ஆமைக் கரைகளை அடைத்துக்கொண்டது, புயலில் வேரோடு சாய்ந்தது. ஆனால் புளோரிடாவுக்கும் அது வெளியிலிருந்து போனது. தமிழகத்துக்கும் வெளியிலிருந்து வந்தது. இந்தத் தீபகற்பத்துக்கு அது வெளி மரம் என்று ஒரே ஒரு சான்று காட்டுங்கள், பிறகு பேசுவோம்.

ஜூரோங் மாலதி:
அண்ணன்மார் இருவரும் காலுக்குக் கீழே இருக்கும் மண்ணையே பார்க்கவில்லை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா இருக்கும் இடம் 1966இல் தொடங்கிய நிலமீட்பில் உருவானது. சிக்லாப், பிடோக் குன்றுகளை வெட்டி எடுத்த மண்ணைக் கொட்டித்தான் கடலைத் தூர்த்தார்கள். அப்படிப்பட்ட நிலத்தில் எது மண்ணின் மரம், எது வந்தேறி என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நம் கரையோரத் தரிசுகளில் உண்மையாகவே பரவிக்கொண்டிருப்பவை மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த சூபாபுல்லும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அக்கேசியாவும். வெட்டிய சூபாபுல் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் கழித்தும் முளைக்கும். அவற்றைப் பற்றி இங்கே ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

பிடோக் நெய்தலன்:
மாலதி, நிலம் மீட்கப்பட்டதுதான், மறுக்கவில்லை. அதனால் மரம் அந்நியமாகிவிடாது. மணலும் உப்புக்காற்றும் உள்ள புதுத்தரையில் முதலில் வேர்பிடிப்பதே சவுக்கின் இயல்பு. வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால்தான் சத்தில்லாத மண்ணிலும் அது நிமிர்ந்து நிற்கிறது. 2015இல் பூங்காவாகத் திறக்கப்பட்ட கோனித் தீவுக்குப் போய்ப் பாருங்கள். சாய்ந்த சவுக்கு மரங்களை அறுத்து, இருக்கைகளும் வழிகாட்டிப் பலகைகளும் செய்திருக்கிறார்கள். அதே தீவில் அரிய கரையோரச் செடிகளையும் நட்டு வளர்க்கிறார்கள். சவுக்கையும் வைத்துக்கொண்டு கரையை மீட்கலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? மறுபடியும் சொல்கிறேன், இங்கே சவுக்கு மண்ணின் மரம்.

தஞ்சைத் தமிழன்:
இருக்கை செய்ததெல்லாம் ஒரு சான்றா? சென்ற ஆண்டு ஆகாயத்தாமரை பற்றிய விவாதத்திலும் இதே தம்பிதான், அதை அள்ளி உரமாக்கினால் தீர்ந்தது என்று எழுதினார். அள்ளியபிறகும் அது மறுபடி முளைக்காதா என்று அன்று நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

ஜூரோங் மாலதி:
அதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு சதுப்புக் குளத்தில் தொண்டூழியராக இடுப்பளவு நீரில் நின்று அதைப் பிடுங்கியிருக்கிறேன். தலையை மட்டும் பிடித்து இழுத்தால், பக்கத்துச் செடியோடு இணைக்கும் தண்டு அறுந்து நீரிலேயே தங்கிவிடும். அந்தத் துண்டிலிருந்து மீண்டும் ஒரு செடி கிளம்பும். கொடியோடு சுருட்டி இழுத்துக் கரையேற்றி, நீரிலிருந்து தள்ளிக் குவிக்கவேண்டும். 1970களில் கிராஞ்சி அணை கட்டியபின் உருவான கிராஞ்சிச் சதுப்பு நிலத்தில் திறந்த நீர்ப்பரப்பை விடாமல் காத்துவருவதால்தான் அங்கே நீர்க்கோழிகளைப் பார்க்க முடிகிறது. ஒருமுறை அள்ளிவிட்டு உரக்குழியில் போட்டால் தீராது. சவுக்குச் சண்டையை விட்டு இதைப் பேசலாமே?

பிடோக் நெய்தலன்:
உரமாக்கலாம் என்றுதான் எழுதினேன், அத்தோடு தீர்ந்தது என்று எழுதவில்லை. அண்ணன் என் வாயில் சொல்லைத் திணிக்கிறார், சென்ற ஆண்டும் இதையே செய்தார். கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. சவுக்கு இந்தக் கரைக்கு அந்நியம் என்பதற்குச் சான்று எங்கே?

தஞ்சைத் தமிழன்:
சவுக்கின் அடியில் அடும்பு படர்ந்த படம் ஒன்றை ஈஸ்ட் கோஸ்டிலிருந்து எடுத்துப் போடுங்கள். அதைப் பார்த்தபிறகு சான்று தருகிறேன்.

பிடோக் நெய்தலன்:
முதலில் கேட்டவன் நான். சான்று முதலில் வரட்டும், படம் பிறகு.