34 அங்குல அல்ட்ராவைடா, 27 அங்குல சாதா மானிட்டரா? குழப்பம்

இரவுக்குருவி:
ஆறு வருடமாக 24 அங்குல 1080பி (1920×1080 பிக்சல்) மானிட்டரில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060. அல்ட்ராவைட் (சாதாவைவிட அகலமான திரை, 3440×1440) மேல் ரொம்ப நாள் ஆசை. 27 அங்குலத்தில் 2560×1440 (1440பி) போதும் என்கிறான் தம்பி. அதிகம் ஆடுவது எல்டன் ரிங், வாலரன்ட், எப்போதாவது சைபர்பங்க். பிஎஸ்5 கேம் கன்சோலையும் இதிலேயே மாட்டுவேன். எதை வாங்கலாம்?

கம்பிச்சுருள்:
தம்பி சொல்வதைக் கேளுங்கள் ப்ரோ. எல்டன் ரிங் 16:9-ஐ (சாதா மானிட்டரின் அகல-உயர விகிதம்) தாண்டாது, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டைதான். மாட் (ரசிகர்கள் செய்த மாற்றம்) போட்டு விரிக்கலாம், ஆனால் ஆன்டி-சீட்டை (ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் மென்பொருள்) அணைக்க வேண்டும், ஆன்லைன் போய்விடும். வாலரன்டும் ஆட்டக் காட்சியை அகலமாக்க விடாது. பிஎஸ்5-இல் 21:9 (அல்ட்ராவைட் விகிதம்) கிடையவே கிடையாது. பக்கத்துக்கு 440 பிக்சல் சும்மா கிடக்கும்.

மேசைவிளக்கு:
அல்ட்ராவைட் வைத்திருப்பவன் சொல்கிறேன், சைபர்பங்கிலும் கார் ரேஸிலும் அந்த அகலம் தனி சுகம். ஆனால் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: 34 என்றதும் உயரமும் கூடும் என்று நினைக்கிறார்கள். இரண்டும் ஏறக்குறைய 33 செ.மீ. உயரம்தான். அகலம்தான் 60 செ.மீ.க்குப் பதில் 80. ஒரு அட்டையை அந்த அளவுக்கு வெட்டி மேசையில் நிறுத்திப் பாருங்கள்.

இரவுக்குருவி:
நிறுத்தினேன். ஒரு ஸ்பீக்கருக்கு இடமில்லை. அது பரவாயில்லை, கார்டு தாங்குமா?

கம்பிச்சுருள்:
வாங்காமலே தெரிந்துகொள்ளலாம். 1080பி-இல் சுமார் 20.7 லட்சம் பிக்சல், 1440பி-இல் 36.9 லட்சம், அல்ட்ராவைடில் 49.5 லட்சம். என்விடியா கண்ட்ரோல் பேனலில் டிஎஸ்ஆர் என்று ஒன்று இருக்கும், மானிட்டரில் இருப்பதைவிட அதிக பிக்சலில் கேமை வரைந்து சுருக்கிக் காட்டும். 1.78 மடங்கும் 2.25 மடங்கும் டிக் செய்யுங்கள். அப்புறம் கேமுக்குள் போனால் 2560×1440, 2880×1620 இரண்டும் வரும். இரண்டாவது 46.7 லட்சம் பிக்சல், அல்ட்ராவைட் சுமைக்கு ரொம்பப் பக்கம். நிஜ அல்ட்ராவைடில் ஓரங்களில் தெரியும் கூடுதல் ஆட்களையும் கட்டடங்களையும் வரைய வேண்டும், அதனால் இன்னும் கொஞ்சம் குறையும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுக்குருவி:
சைபர்பங்கில் ஒரே தெருவில் மூன்று முறை நடந்து பார்த்தேன். 1080பி-இல் 62 எஃப்பிஎஸ் (நொடிக்கு 62 படம்), 1440-இல் 41, 1620-இல் 32. டிஎல்எஸ்எஸ் (குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கும் என்விடியா வசதி) போட்டால் 1440 நன்றாகவே ஓடுகிறது. 1620-இல் போட்டும் சந்தையில் கூட்டம் வந்தால் திணறுகிறது.

மேசைவிளக்கு:
அப்படியென்றால் 27-தான். கார்டு மாற்றும்போது அகலத்தைப் பற்றி யோசிக்கலாம். பிஎஸ்5-உம் 2022 செப்டம்பர் அப்டேட்டிலிருந்து 1440பி தருகிறது. மானிட்டர் எச்டிஎம்ஐ வழியாக 1440பி, 120 ஹெர்ட்ஸ் வாங்குமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

இரவுக்குருவி:
சரி, 27-தான். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.