கணினி விளையாட்டுகளை எந்த இணையக் கடையில் வாங்குவது? விலைக்கு அப்பால் எதைப் பார்க்க வேண்டும்?

புதிய_மேசைக்கணினி:

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகள் கன்சோலில் மட்டுமே விளையாடிவிட்டு இப்போதுதான் கணினிக்கு மாறியிருக்கிறேன். கன்சோலில் இருந்தவரை கடை ஒன்றுதான். ஒரு விளையாட்டை உடனே வாங்குவதா, சலுகை வரும்வரை பொறுப்பதா என்பதைத் தவிர யோசிக்க வேறொன்றும் இருந்ததில்லை. கணினியிலோ ஒரே விளையாட்டு ஸ்டீம், எபிக், ஜி.ஓ.ஜி., மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் என்று பல இடங்களில் விற்கப்படுகிறது. விலையைக் கொண்டு முடிவெடுக்கலாம் என்றால் அதிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஒரு கடை விலையை இறக்கினால் சில நாள்களில் மற்றொன்றும் இறக்கிவிடுகிறது.

தனியாக ஆடக்கூடிய, நீண்ட கதையுள்ள விளையாட்டுகளே என் விருப்பம். பிடித்துப்போனால் சில ஆண்டுகள் கழித்தும் அதே விளையாட்டை மறுபடி எடுத்து ஆடுவேன். இணைய இணைப்பு எந்நேரமும் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. மோட்கள் (விளையாட்டை மாற்ற ரசிகர்கள் உருவாக்கும் கூடுதல் கோப்புகள்) பக்கம் இதுவரை போனதில்லை. ஆனால் ஆசை உண்டு. இந்தப் பழக்கங்களுக்கு ஒரே கடையைத் தேர்ந்து அனைத்தையும் அங்கேயே வாங்குவது நல்லதா, அல்லது விளையாட்டைப் பொறுத்துக் கடையை மாற்றிக்கொள்வது நல்லதா? பணத்தைத் திரும்பப் பெறும் விதிகள் எங்கே தாராளமாக உள்ளன? "எல்லோரும் ஸ்டீமில்தான் இருக்கிறார்கள், நீங்களும் அங்கேயே வாங்குங்கள்" என்ற பதில் எனக்கு ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது. காரணங்களோடு எழுதினால் உதவியாக இருக்கும்.

பழைய_விசைப்பலகை:

சில ஆண்டுகள் கழித்தும் மறுபடி ஆடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது ஜி.ஓ.ஜி.யைத்தான். 2008 முதல் இயங்கிவரும் அந்தக் கடையின் அடிப்படைக் கொள்கை, விளையாட்டுகளை டி.ஆர்.எம். பூட்டு (அனுமதியின்றி நகலெடுப்பதையோ இயக்குவதையோ தடுக்கும் மென்பொருள்) இல்லாமல் விற்பது. வாங்கிய விளையாட்டின் நிறுவுகோப்பை முழுமையாகத் தரவிறக்கி ஒரு வன்தட்டில் வைத்துக்கொள்ளலாம். பிறகு இணையமே இல்லாத கணினியிலும் அதை நிறுவலாம்; யாரிடமும் உள்நுழைந்து அனுமதி கேட்க வேண்டியதில்லை. கேலக்ஸி என்ற அவர்களுடைய செயலியைப் பயன்படுத்துவதும் பயன்படுத்தாததும் உங்கள் விருப்பம்.

மற்ற பெரும்பாலான கடைகளில் நீங்கள் பணம் கொடுத்துப் பெறுவது, உங்கள் கணக்கோடு பிணைக்கப்பட்ட ஓர் உரிமம் மட்டுமே. 2024 அக்டோபர் முதல் ஸ்டீமே பணம் செலுத்தும் பக்கத்தில் இதைக் குறிப்பிட்டுவிடுகிறது. 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியச் சட்டம் ஒன்று, வாங்குவது உரிமம்தான் என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதையொட்டி வந்த மாற்றம் அது. நிரந்தரமாகத் தரவிறக்கி, இணையமின்றிப் பயன்படுத்தக்கூடிய பொருள்களுக்கு அந்தச் சட்டம் விலக்கு அளித்திருப்பதிலிருந்தே வேறுபாடு எங்கே இருக்கிறது என்று விளங்கும். சட்டத்தின் பார்வையில் ஜி.ஓ.ஜி.யில் பெறுவதும் உரிமம்தான். ஆனால் உங்கள் வன்தட்டிலுள்ள கோப்பைத் தொலைவிலிருந்து எவராலும் முடக்க இயலாது.

இது கற்பனையான அச்சம் அன்று. மைக்ரோசாஃப்ட் நடத்திய "கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்" சேவையின் கடை 2013 ஆகஸ்ட்டில் மூடப்பட்டது. அதனோடு பிணைந்திருந்த பயோஷாக் 2, டார்க் சோல்ஸ் போன்றவற்றை அவற்றின் வெளியீட்டாளர்கள் பின்னர் அந்தப் பிணைப்பிலிருந்து விடுவித்தார்கள். எல்லா விளையாட்டுகளுக்கும் அந்த நல்வாய்ப்பு அமையவில்லை. கடை நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதும் சிக்கல் வரலாம். 2024 ஜனவரி 1 முதல் ஸ்டீம் செயலி விண்டோஸ் 7, 8 ஆகியவற்றுக்கு ஆதரவை நிறுத்திக்கொண்டது. அந்தப் பழைய கணினியில் விளையாட்டு குறைவின்றி ஓடக்கூடியதாக இருக்கலாம். அதைத் திறந்துவிடும் செயலி ஓடும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

பணத்தைத் திரும்பப் பெறுவதிலும் ஜி.ஓ.ஜி.தான் தாராளம். வாங்கிய 30 நாள்களுக்குள், தரவிறக்கி ஆடியிருந்தாலும் கேட்கலாம். இந்தச் சலுகை 2020இலிருந்து இருக்கிறது. தவறாகப் பயன்படுத்துவோருக்கு மறுக்கும் உரிமையை அவர்கள் வைத்திருக்கிறார்கள், அது நியாயமே.

நடுநிசி_ஆட்டம்:

மேலே எழுதியவரின் தகவல்களில் பிழையில்லை; ஆனால் அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. விளையாட்டுகள் கைவிட்டுப் போவதற்குக் கடையைக் காட்டிலும் வெளியீட்டாளரே பெரும்பாலும் காரணமாக இருக்கிறார். யூபிசாஃப்டின் "தி க்ரூ" விளையாட்டைத் தனியாக ஆடுவதற்கும் சேவையகத் தொடர்பு தேவைப்பட்டது. 2024 மார்ச் 31 அன்று சேவையகங்கள் நிறுத்தப்பட்டதும், எந்தக் கடையில் வாங்கியிருந்தாலும் எல்லோருக்கும் அது ஒரே நேரத்தில் செத்துப்போனது. அத்தகைய விளையாட்டுகள் ஜி.ஓ.ஜி.க்கு வருவதே அரிது. எனவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி "இந்த விளையாட்டு இணையமின்றி ஓடுமா" என்பதாகும். "எந்தக் கடை" என்பது அதற்குப் பின்தான்.

இன்னொன்றும் உண்டு. ஸ்டீமில் உள்ள எல்லா விளையாட்டுகளும் பூட்டப்பட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டீமின் டி.ஆர்.எம்.மைச் சேர்ப்பதும் சேர்க்காததும் உருவாக்குநரின் விருப்பம். சேர்க்காத விளையாட்டுகளைத் தரவிறக்கிய பின், ஸ்டீம் செயலி இல்லாமலேயே கோப்புறையிலிருந்து நேரடியாக இயக்கலாம். பிசி கேமிங் விக்கி என்ற தளத்தில் ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும், எந்தக் கடையின் பதிப்பில் என்ன பூட்டு இருக்கிறது என்று அட்டவணையாகக் கொடுத்திருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஸ்டீமில் பூட்டு உள்ளவையும் பெரும்பாலும் ஆஃப்லைன் நிலையில் ஓடும். விளையாட்டை முழுமையாகப் புதுப்பித்து, இணையத்தில் இருக்கும்போது ஒருமுறை திறந்துவிட்டுப் பின்னர் செயலியை ஆஃப்லைனுக்கு மாற்ற வேண்டும். இணைப்பு துண்டிக்கப்பட்ட பிறகு இதைச் செய்ய நினைப்பவர்களே பெரும்பாலும் தவிக்கிறார்கள்.

ஜி.ஓ.ஜி.யின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பெரிய நிறுவனங்களின் புதிய வெளியீடுகள் அங்கே தாமதமாக வருகின்றன, அல்லது வருவதேயில்லை. வந்தவற்றுக்கும் திருத்தங்கள் சில சமயம் பிந்துகின்றன. லினக்ஸுக்குக் கேலக்ஸி செயலி கிடையாது. ஸ்டீமோ 2018இல் புரோட்டான் என்ற மென்பொருளைக் கொண்டுவந்ததிலிருந்து விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட வைப்பதில் வெகுதூரம் போய்விட்டது. ஆண்டு, இயங்குதளம் எல்லாம் மாறினாலும் விளையாட வேண்டும் என்பவருக்கு இதுவும் ஒருவகைக் காப்புதான்.

மோட் ஆசை உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டீமின் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் மோட் சேர்ந்துவிடும். மற்றக் கடைகளில் வாங்கியவருக்கு அந்த வசதி கிடைக்காது. சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் போன்ற விளையாட்டில் ஒர்க்‌ஷாப் இல்லாத பதிப்பை வாங்குவது பாதி விளையாட்டை விட்டுவிடுவதற்குச் சமம். அதன் இரண்டாம் பாகமோ ஒர்க்‌ஷாப்பை விடுத்து வெளியீட்டாளரின் சொந்த மோட் தளத்துக்குப் போய்விட்டது; ஆகவே இதையும் விளையாட்டுக்கு விளையாட்டு பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்டீமின் பணத் திருப்பி விதி: வாங்கி 14 நாள்களுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருக்க வேண்டும். எபிக்கிலும் இதே அளவுதான். கதை விளையாட்டில் அறிமுகக் காட்சிகளே அந்த 2 மணியில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதால், கணினியில் சீராக ஓடுகிறதா என்று பார்க்கவே அது பயன்படும்; கதை பிடித்திருக்கிறதா என்று முடிவெடுக்கப் போதாது. விளையாட்டு வெளியாகும் நாளுக்கு முன்பே விளையாட அனுமதிக்கும் பதிப்புகளில், அந்த முன்கூட்டிய நேரமும் 2 மணிக் கணக்கில் சேரும் என்பதை மறக்க வேண்டாம். பலருக்குத் தெரியாத நல்ல விதியொன்றும் உண்டு: நீங்கள் வாங்கிய உடனே சலுகை அறிவிக்கப்பட்டால், பணத்தைத் திரும்பப் பெற்றுச் சலுகை விலையில் மறுபடி வாங்குவதைத் தவறான பயன்பாடாகக் கருத மாட்டோம் என்று ஸ்டீம் எழுதியே வைத்திருக்கிறது.

சிறுநிரல்:

நான் ஒரு சிறு குழுவில் விளையாட்டு உருவாக்குபவன் என்பதால், கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்ற கோணத்தைச் சேர்க்கிறேன். ஸ்டீம் விற்பனையில் 30 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. 2018 இறுதியில் கொண்டுவந்த மாற்றத்தின்படி, ஒரு விளையாட்டின் வருவாய் 1 கோடி டாலரைத் தாண்டியபின் 25, 5 கோடியைத் தாண்டியபின் 20 என்று அது குறையும். அதாவது குறைவாகச் சம்பாதிப்பவரிடம் அதிகமாகவும், அதிகமாகச் சம்பாதிப்பவரிடம் குறைவாகவும் வாங்குகிறார்கள். 2018 டிசம்பரில் திறக்கப்பட்ட எபிக் கடை தொடக்கத்திலிருந்தே 12 விழுக்காடு மட்டும் எடுக்கிறது. 2025 ஜூனிலிருந்து, ஒவ்வொரு விளையாட்டும் ஓராண்டில் ஈட்டும் முதல் 10 லட்சம் டாலருக்கு எதையும் எடுப்பதில்லை. இட்ச்.ஐ.ஓ. தளத்தில் எங்கள் பங்கை நாங்களே தீர்மானிக்கலாம். எதையும் மாற்றாவிட்டால் கடைக்கு 10 விழுக்காடு. சிறிய, வழக்கத்துக்கு மாறான கதை விளையாட்டுகளைத் தேடுபவர் அந்தத் தளத்தைத் தவறவிடக் கூடாது. பெரும்பாலானவை பூட்டில்லாமலே கிடைக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எங்கள் குழுவுக்கு ஸ்டீமில்தான் பெருமளவு விற்பனை ஆகிறது என்பதையும் மறைக்கப் போவதில்லை. விளையாட்டைத் தங்கள் கணக்கில் வைத்திருப்பவர்கள் எழுதும் மதிப்புரைகள், அவர்கள் எத்தனை மணி ஆடினார்கள் என்ற தகவலோடு அங்கே இருக்கின்றன. புதியவர்கள் எங்களைக் கண்டடைவது அவற்றின் வழியாகத்தான். எபிக் கடையில் பொருள்களைச் சேர்த்து வாங்கும் கூடையே 2021 டிசம்பரில்தான் வந்தது. கடை நடத்துவதில் அவர்களுக்கு எவ்வளவு அக்கறை என்று நான் கேட்க நினைத்ததுண்டு.

அதிகாரமில்லாத இடங்களில் மிக மலிவாக விற்கப்படும் கீகளைப் (விளையாட்டைக் கணக்கில் சேர்க்க உள்ளிடும் குறியீடுகள்) பற்றி ஒரு வார்த்தை. எந்த உருவாக்குநரும் ஸ்டீம் கீகளை உருவாக்கி, ஹம்பிள், ஃபனாட்டிக்கல் போன்ற அங்கீகாரம் பெற்ற கடைகளில் விற்கலாம். அந்த விற்பனையில் ஸ்டீம் பங்கு கேட்பதில்லை. ஆனால் தனிநபர்கள் கீகளை மறுவிற்பனை செய்யும் சந்தைகளில், திருடிய அட்டைகளால் வாங்கப்பட்டவையும் கலந்திருக்கும். அட்டையின் உரிமையாளர் பணத்தைத் திரும்பப் பெற்றதும், அந்தக் கீயை ரத்து செய்வதைத் தவிர எங்களுக்கு வேறு வழியிருக்காது. வெளியே வாங்கிய கீக்கு ஸ்டீமிடம் பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது.

புதிய_மேசைக்கணினி:

மூவருக்கும் நன்றி. எபிக்கில் வாரந்தோறும் இலவசமாகத் தரும் விளையாட்டுகள் ஒரு காலத்துக்குப் பின் பறிக்கப்படுமா? மேலும், வீட்டில் தங்கையும் விளையாடுவாள். இருவருக்கும் தனித்தனியாக வாங்காமல் சமாளிக்க வழியுண்டா?

நடுநிசி_ஆட்டம்:

எபிக் இலவசமாகத் தருவதை அறிவித்த காலத்துக்குள் கணக்கில் சேர்த்துவிட்டால், அது உங்கள் நூலகத்திலேயே இருக்கும். பிசி கேம் பாஸ் போன்ற சந்தாக்கள்தாம் வேறு வகை. அங்கே பட்டியலிலிருந்து விளையாட்டுகள் வெளியேறும், சந்தா முடிந்தாலும் ஆட முடியாது. ஒருமுறை ஆடிவிட்டு மறந்துவிடுபவருக்கு அது இலாபம். உங்களைப் போல் திரும்பி வருபவருக்கு அன்று. உங்கள் பழைய கன்சோல் எக்ஸ்பாக்ஸாக இருந்தால் மட்டும், மைக்ரோசாஃப்ட் கடையில் "பிளே எனிவேர்" முத்திரையுள்ளவற்றை ஒருமுறை தேடிப் பாருங்கள். அந்த முத்திரை உள்ளதை நீங்கள் டிஜிட்டலாக வாங்கியிருந்தால், கணினியிலும் அதே உரிமத்தில், சேமித்த இடத்திலிருந்து தொடரலாம்.

தங்கைக்கு ஸ்டீமின் குடும்ப வசதி பொருந்தும். ஒரே வீட்டைச் சேர்ந்த 6 பேர் வரை சேரலாம். ஒவ்வொருவருக்கும் சொந்தக் கணக்கு, சொந்தச் சேமிப்புகள். முன்பிருந்த பகிர்வு முறையில் ஒருவர் ஆடும்போது அவருடைய நூலகம் முழுவதும் மற்றவருக்குப் பூட்டப்பட்டுவிடும். 2024இல் வந்த புதிய முறையில், நீங்கள் ஒன்றை ஆடும்போது உங்கள் நூலகத்திலுள்ள இன்னொன்றை அவர் ஆடலாம். ஒரே விளையாட்டை இருவரும் ஒரே நேரத்தில் ஆடத்தான் இரண்டு பிரதிகள் வேண்டும். எல்லா விளையாட்டுகளும் பகிர்வுக்கு உட்பட்டவை அல்ல. வேறு நிறுவனத்தின் கணக்கைக் கேட்பவை பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். உங்கள் பிரதியில் அவர் ஏமாற்று நிரலைப் பயன்படுத்திப் பிடிபட்டால் தடை உங்களுக்கும் சேர்ந்தே வரும், ஆகையால் இணையப் போட்டி விளையாட்டுகளைப் பகிரும்முன் தங்கையிடம் பேசிவிடுங்கள்.

பழைய_விசைப்பலகை:

நடுநிசி_ஆட்டம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஸ்டீமில் வாங்கினாலும் யூபிசாஃப்ட், இ.ஏ. ஆகியவற்றின் விளையாட்டுகள் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் லாஞ்சரை (விளையாட்டைத் தொடங்கிவைக்கும் செயலி) திறந்து, அங்கே ஒரு கணக்கும் கேட்கும். இணைய இணைப்பு உறுதியில்லாதவருக்கு இது இரட்டைப் பூட்டு. விளையாட்டின் ஸ்டீம் பக்கத்தில் வலப்பக்கம், மொழிப் பட்டியலுக்கு அருகே, டெனுவோ போன்ற வெளிப் பூட்டு இருக்கிறதா, வேறு கணக்கு தேவையா என்று ஒரு சிறு பெட்டியில் எழுதியிருப்பார்கள். வாங்கும் பொத்தானை அழுத்துமுன் அங்கே கண்ணை ஓட்டுங்கள். அந்தப் பெட்டியில் ஏதேனும் இருந்து, அதே விளையாட்டு ஜி.ஓ.ஜி.யிலும் கிடைத்தால், மோட் தேவையில்லாத பட்சத்தில் நான் ஜி.ஓ.ஜி. பதிப்பையே வாங்குவேன். கடைகள் பெருகினால் நூலகம் சிதறிவிடுமே என்று தயங்க வேண்டியதில்லை; பிளேநைட் என்ற இலவசச் செயலி எல்லாக் கடைகளிலும் வாங்கியவற்றை ஒரே பட்டியலில் காட்டும்.