காக்பிட் வெயிலும் தோலும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

இடதுசீட்
கேப்டனா 11 வருஷம், எப்பவும் இடது சீட்தான். காதுக்குக் கீழ இருந்த மச்சம் பெருசாகுதேன்னு தோல் டாக்டர்கிட்ட போனேன். அவர் முதல்ல மச்சத்தைப் பார்க்கவே இல்ல. முகத்தை ரெண்டு பக்கமும் திருப்பினார், இடது கன்னத்துல கட்டைவிரலை வச்சுத் தோலை இழுத்தார். "வெளிநாட்டுல லாரி ஓட்டறீங்களா, இடது ஜன்னலோரம்?"ன்னார். இல்ல, விமானம்னேன். விரலை எடுக்காமலே, "ரெண்டும் ஜன்னலோரம்தானே"ன்னார். பயாப்சியில ஆரம்ப நிலை மெலனோமா, தோல் புற்றுநோய்ல மோசமான வகை. வெட்டி எடுத்தாச்சு, இப்ப நல்லா இருக்கேன். ஆனா ஷேவ் பண்றப்பல்லாம் அந்த விரல் ஞாபகம் வருது.

மேகத்துமேல்
படிச்சதும் வயிறு கலங்குது சார். நான் வலது சீட். ஒருநாள் இறங்கி சட்டையைக் கழட்டினா, அரைக்கை முடியற இடத்துல வலது கையில மட்டும் கோடு கிழிச்ச மாதிரி கறுப்பு. இடது கை அப்படியே இருக்கு.

ராத்திரிப்பறவை
விண்ட்ஷீல்டு புற ஊதாவைத் தடுத்துடும்னுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. வெளியில பட்ட வெயிலா இருக்கும். பயமுறுத்தாதீங்க.

தோல்பத்திரம்
ராத்திரிப்பறவை, பாதிதான் சரி. புற ஊதாவுல யு.வி.-ஏ, யு.வி.-பின்னு ரெண்டு வகை வெயில்ல நம்மமேல படுது. கண்ணாடி தடுக்கறது யு.வி.-பியை. யு.வி.-ஏ பல விமானங்களோட விண்ட்ஷீல்டு வழியா உள்ள வந்துடும். உயரம் கூடக்கூட கதிரும் கூடும், கீழ வெள்ளை மேகம் இருந்தா அதுல பட்டுத் திரும்பியும் வரும். 2015 ஜாமா டெர்மட்டாலஜிங்கற தோல் மருத்துவ இதழ்ல போட்டிருந்தாங்க: 30,000 அடியில 56 நிமிஷம் உட்கார்ந்தா, தோலைக் கறுக்க வைக்கற யு.வி. விளக்குப் படுக்கையில (டானிங் பெட்) 20 நிமிஷம் படுத்ததுக்குச் சமமான யு.வி.-ஏ. அதே வருஷம் அதே இதழ்ல, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல விமானிகளுக்கும் கேபின் க்ரூவுக்கும் மெலனோமா மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு. அது வெயிலாலயா, விண்வெளிக் கதிராலயான்னு அதுல பிரிச்சுச் சொல்லல, அதனால நீங்க சண்டை போடலாம். ஆனா சன்ஸ்கிரீன்ல எஸ்.பி.எஃப். 30 மட்டும் பார்த்து வாங்காதீங்க, அது யு.வி.-பி கணக்கு, ரெண்டு வகையையும் தடுக்கற "பிராட் ஸ்பெக்ட்ரம்"னு இருக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவை திரும்பப் பூசுங்க, காதையும் கழுத்தையும் விடாதீங்க. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வேண்டாம், டிஸ்ப்ளே மங்கித் தெரியும். மச்சம் கோணலா, ஓரம் கரடுமுரடா, ரெண்டு மூணு நிறமா, 6 மி.மீ.க்கு மேல, இதுல எது ஒண்ணு இருந்தாலும் உடனே காட்டுங்க.

மேகத்துமேல்
இடதுசீட் சார், உங்க மச்சம் எவ்வளவு இருந்தது?

இடதுசீட்
5 மி.மீ. இன்னும் ஆறைத் தாண்டலையேன்னுதான் எட்டு மாசம் தள்ளிப்போட்டேன். மாறிக்கிட்டே இருந்தது, அதை நான் கணக்குல எடுத்துக்கல.