சோலார் மின்சாரத்துக்கு வாழ்நாள் கார்பன் கணக்கு: பூஜ்யம் என்று போடலாமா?

அல்சூர்க்காரன்:
பெங்களூரு நிறுவனம் ஒன்று பாவகடா பக்கத்து சோலார் பிளான்ட்டிலிருந்து ஓப்பன் அக்சஸில் (மின்வாரியத்திடம் வாங்காமல், அதன் கம்பிகள் வழியே உற்பத்தியாளரிடமே நேரடியாக) மின்சாரம் வாங்குகிறது. ஆண்டறிக்கையில் "உமிழ்வு பூஜ்யம்" என்று போடச் சொல்கிறார்கள். பேனல் தயாரிப்பில் வந்த உமிழ்வை எங்கே காட்டுவது? யூனிட்டுக்கு எத்தனை கிராம்?

கிலோவாட்:
ஒப்பந்தமும் சான்றும் சரியாக இருந்தால் ஸ்கோப் 2-இன் (வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வு) சந்தை அடிப்படைக் கணக்கில், அதாவது யாரிடம் வாங்குகிறோம் என்பதை வைத்துப் போடும் கணக்கில், பூஜ்யம் போடலாம். இட அடிப்படைக் கணக்கில் கிரிட் காரணிதான் (பொது மின்கட்டமைப்பின் சராசரி உமிழ்வு), யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. பேனல் தயாரிப்பு ஸ்கோப் 3-இன் (நிறுவனத்துக்கு வெளியே, சப்ளை சங்கிலியில் வரும் மறைமுக உமிழ்வு) 3-வது வகையில், அதாவது எரிபொருள், மின்சாரம் தொடர்பான வகையில், வரும். அதை விட்டுவிட்டு "பூஜ்யம்" என்பது தவறான தகவல்.

ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) 2014 அறிக்கையில் பெரிய சோலார் நிலையத்துக்கு வாழ்நாள் உமிழ்வின் இடைநிலை மதிப்பு யூனிட்டுக்கு 48 கிராம், நிலக்கரிக்கு 820. நீங்களே போட்டுப் பாருங்கள். 1 மெகாவாட் பீக்குக்கு (பேனல்களின் உச்சத் திறன்) பேனல், ஸ்டீல், கேபிள், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்துத் தயாரிப்பு உமிழ்வு 1,100 டன் என்று வையுங்கள். வருஷத்துக்கு 16 லட்சம் யூனிட், 25 வருஷம், தேய்மானம் ஆண்டுக்கு 0.5%: மொத்தம் ஏறக்குறைய 3.76 கோடி யூனிட். அதாவது யூனிட்டுக்கு 29 கிராம். அதே பேனலை 15-வது வருஷமே கழற்றிப் புதிது போட்டால் 47 ஆகிவிடும். வாழ்நாள்தான் கணக்கையே புரட்டுகிறது.

பலர் சறுக்கும் இடம்: உமிழ்வை டிசி கொள்ளளவுக்கும் (பேனல்களின் திறன்) உற்பத்தியை ஏசி கொள்ளளவுக்கும் (இன்வெர்ட்டர் வெளியே தரும் திறன்) எடுத்து வகுப்பது. இடையில் ஒருமுறை இன்வெர்ட்டர் மாற்றுவதையும் சேருங்கள்.

சிலிக்கான்தாசன்:
அந்த 1,100-ஐ அப்படியே எடுக்காதீர்கள். செல்லுக்கு மூலப்பொருளான தூய பாலிசிலிக்கானை, ட்ரைக்குளோரோசிலேன் என்ற சிலிக்கான் சேர்மத்திலிருந்து படியவைக்க, சூடான கம்பிகளை 1,000 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் வைத்திருக்க வேண்டும். கரன்ட் ஏராளமாகத் தின்னும். சீனாவின் ஷின்ஜியாங்கின் நிலக்கரி மின்சாரமா, யுன்னானின் நீர்மின்சாரமா என்பதில் எண் வெகுவாக மாறும். "இந்தியாவில் தயாரித்தது" என்ற ஸ்டிக்கர் போதாது, இங்கே பேனலை மட்டும் கோத்திருக்கலாம். பாலிசிலிக்கான், இங்காட் (அதை உருக்கி வார்த்த கட்டி), வேஃபர் (கட்டியிலிருந்து அறுத்த மெல்லிய தகடு), செல் நான்கும் எங்கே ஆனவை என்று சப்ளையரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பழையகண்ணாடி:
கடைசிக் கட்டத்தை யாரும் தொடவில்லையே. பேனல் எடையில் முக்கால் பங்கு கண்ணாடி. உடைந்த பேனல் பழைய இரும்புக் கடைக்குப் போனால் அலுமினிய ஃபிரேமையும் கேபிளையும் உருவிக்கொண்டு மீதியை எரிப்பார்கள். பின்ஷீட்டில் (பேனலின் பின்புறப் பிளாஸ்டிக் தாள்) ஃபுளூரின் பாலிமர் இருந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயு வரும், சால்டரிலிருந்து ஈயமும் மண்ணில் இறங்கும். முறையான மறுசுழற்சியில் முதலில் ஜங்ஷன் பாக்ஸ், ஃபிரேம், பிறகு பின்ஷீட். அதற்குப் பின்தான் செல்லையும் கண்ணாடியையும் ஒட்டியிருக்கும் ஈவிஏ பிளாஸ்டிக்கைச் சூட்டில் பிரிப்பார்கள். சோலார் கண்ணாடியில் ஆன்டிமனி இருப்பதால் அது ஜன்னல் கண்ணாடி ஆலைக்கு ஒத்துவராது.

2022 மின்கழிவு விதிகளில் சோலார் பேனலும் உண்டு, தயாரிப்பாளர் 2034–35 வரை கழிவைச் சேமித்து வைக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் உடைந்த பேனலுக்குப் பொறுப்பு யார், எங்கே அடுக்கி வைக்கிறார்கள், சீரியல் எண் பதிவு உண்டா என்று ஒரு ஷரத்து சேர்த்துவிடுங்கள்.