டிராகன் பால் ஸீ: இப்போது பார்த்தால் தாங்குமா?

கரும்பூனை:
சின்ன வயதில் பைத்தியமாகப் பார்த்த ஜப்பானிய கார்ட்டூன் (அனிமே) தொடர். போன மாதம் முதலிலிருந்து ஆரம்பித்தேன், முடியவில்லை. நாமெக் கோள் ஐந்து நிமிடத்தில் வெடித்துவிடும் என்கிறான் வில்லன் ஃப்ரீசா. அந்த ஐந்து நிமிடம் ஏறக்குறைய பத்து எபிசோடு ஓடுகிறது! உறுமல், முறைப்பு, மறுபடி உறுமல், நடுவே மிதக்கும் கற்கள். மொத்தம் 291 எபிசோடு. அன்று நமக்கு ரசனை இல்லை, அவ்வளவுதான்.

சென்சூவிதை:
ரசனை இல்லை என்று உங்களைச் சொல்லிக்கொள்ளுங்கள், எங்களைச் சேர்க்காதீர்கள். அகிரா டோரியாமாவின் மாங்கா, அதாவது மூலக் காமிக்ஸ், வாராவாரம் வந்துகொண்டிருந்தபோதே அனிமேயும் வாராவாரம் ஓடியது. மாங்காவை முந்தவும் கூடாது, நிற்கவும் கூடாது. முறைக்காமல் வேறென்ன செய்வார்கள்? வாரத்துக்கு ஒன்று என்று எடுத்ததை ஒரே ராத்திரியில் எட்டு எட்டாக விழுங்கினால் அஜீரணம்தான்.

கரும்பூனை:
காரணம் தெரிந்துவிட்டால் இழுவை இனிக்குமா நண்பரே?

அரைத்தூக்கம்:
சண்டை எதற்கு? 2009ல் இதையே சுருக்கிக் கொண்டுவந்த ‘கை’ (Kai) பதிப்பைப் பாருங்கள். செல் என்ற வில்லனின் கதை முடிய 194 எபிசோடு எடுத்ததை நூறுக்குள் அடக்கிவிட்டார்கள்.

சென்சூவிதை:
அடக்கினார்கள், கூடவே நாயகன் கோகுவும் அவனுடைய பழைய எதிரி பிக்கலோவும் டிரைவிங் கற்கப் போகும் எபிசோடையும் தூக்கிவிட்டார்கள். மாங்காவில் இல்லையாம்! உலகைப் பிடிக்கவென்றே பிறந்த பச்சை மனிதன் பிக்கலோ, தொப்பி போட்டுக்கொண்டு ஸ்டீரிங் முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருப்பான். அது இல்லாத தொடர் எனக்கு எதற்கு?

கரும்பூனை:
அதற்கு நானும் சிரித்தேன், சரி. ஆனால் என்னை உண்மையில் உறுத்தியது இழுவை இல்லை, கோகுதான். செல்லோடு மோதிவிட்டு நடுவில் விலகிக்கொள்கிறான். பெற்ற பிள்ளை கோஹானைக் களத்தில் இறக்குகிறான். அது போதாதென்று, காயமெல்லாம் ஆற்றும் சென்சூ விதையை எதிரிக்கே தூக்கிப் போடுகிறான், சண்டை நியாயமாக இருக்க வேண்டுமாம்! அன்று கைதட்டினேன். இன்று எழுந்து போய் அந்த ஆளை உலுக்க வேண்டும் போலிருந்தது.

சென்சூவிதை:
கதையும் அதைத்தான் கேட்கிறது. பிக்கலோ கோகுவின் முகத்துக்கு நேரே கத்துவானே, மறந்துவிட்டீர்களா? கோஹான் இப்போது சண்டையை நினைக்கவில்லை, நான் சாகப் போகிறேன், அப்பா ஏன் காப்பாற்ற வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பான் என்று. கோஹானுக்குப் பயிற்சி கொடுத்தவன், நாப்பா என்ற எதிரியின் தாக்குதலில் குறுக்கே பாய்ந்து அவனுக்காக உயிரையே விட்டவன். அவனுக்கில்லாத உரிமையா? சின்ன வயதில் அந்த வசனம் நம் காதில் விழவே இல்லை. யார் பலம் பெருகி சூப்பர் சயனாக மாறுவான் என்றே காத்திருந்தோம்.

அரைத்தூக்கம்:
அந்த இடம் ‘கை’ பதிப்பிலும் இருக்கிறது, சொல்லிவைக்கிறேன்.

கரும்பூனை:
இப்போதுதான் மறுபடி பார்த்துவிட்டு வருகிறேன், பழைய பதிப்பில்தான். பிக்கலோ கேட்டதும் கோகு ஆடித்தான் போகிறான். அந்த இடத்தை இரண்டு முறை ஓட்டினேன். அதற்கு முன்னால் வந்த உறுமல்களை மட்டும் தள்ளிவிட்டேன், அதில் சமரசம் கிடையாது.